மன உறுதிக்கு மாத விலை

கடந்த ஒன்பது மாதங்களில் என் எடை 96 கிலோவிலிருந்து 83 கிலோவுக்கு இறங்கியிருக்கிறது. வாரம் ஒருமுறை வயிற்றுத் தோலில் போட்டுக்கொள்ளும் டிர்செபடைட் ஊசியும், வாரத்தில் ஐந்து நாள் உடற்பயிற்சியும் சேர்ந்து செய்த வேலை இது. ஊசி விஷயம் தெரியாதவர்கள் சொல்வது ஒன்றுதான்: "பரவாயில்லையே, மன உறுதியோட இருந்திருக்கீங்க." தெரிந்தவர்கள் சொல்வதும் ஒன்றுதான்: "ஓ, ஊசியா? அப்ப சுலபம்தான்." முதலாமவர் கணக்கில் நான் ஒழுக்கசாலி. இரண்டாமவர் கணக்கில் குறுக்கு வழியில் வந்தவள்.

இந்த இரண்டு தீர்ப்புகளையும் நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். எடை விஷயத்தில் அல்ல, இடஒதுக்கீடு விஷயத்தில். அதிக மதிப்பெண் வாங்கினால் "உங்கள்ல இப்படி உழைக்கிறவங்க இருந்தா சந்தோஷம்" என்பார்கள். ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது என்றால் "உங்களுக்கென்ன, சுலபம்" என்பார்கள். ஆய்வு மாணவர் அறையில் ஒருமுறை என் உடம்பைப் பார்த்து ஒருவர், "உதவித்தொகை உடம்புல ஒட்டுது போல" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஒரே வாக்கியத்தில் என் உடலையும் என் இடத்தையும் சேர்த்துக் கேலி செய்ய அவரால் முடிந்தது. அது தற்செயல் அல்ல. உடல் எடையைப் பற்றி நம் சமூகம் பேசும் மொழியும், தகுதியைப் பற்றி அது பேசும் மொழியும் ஒன்றே. வாய்ப்பும் வசதியும் செய்த வேலையை ஒருவரின் குணத்துக்கு வரவு வைப்பது. வாய்ப்பும் வசதியும் இல்லாததால் நேர்ந்ததை இன்னொருவரின் குணக்கேடாக எழுதுவது. இந்தப் பொய்க் கணக்கை ஒரு சிறிய மருந்துக் குப்பி எப்படி அம்பலப்படுத்துகிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரே அறிவுரை, இரண்டு முடிவுகள்

முதலில் மருந்தைப் பற்றி. பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. இன்சுலினும் அந்த வகைதான். நாம் சாப்பிட்டதும் குடலிலிருந்து ஜி.எல்.பி.-1 என்ற ஒரு பெப்டைடு சுரக்கிறது. கணையத்தில் இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது, "போதும்" என்று மூளைக்குச் சொல்கிறது. ஆனால் உடலில் இயல்பாகச் சுரக்கும் ஜி.எல்.பி.-1 இரண்டு நிமிடத்துக்குள் பெரும்பாலும் சிதைந்துவிடும். அதையே ஒரு வாரம் நிலைத்திருக்கும்படி மாற்றி அமைத்ததுதான் செமாக்ளூடைடு. ஜி.எல்.பி.-1 வேலையோடு ஜி.ஐ.பி. என்ற இன்னொரு குடல் சுரப்பின் வேலையையும் சேர்த்துச் செய்வது டிர்செபடைட்.

2021இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் செமாக்ளூடைடு பற்றிய ஒரு பெரிய ஆய்வு வெளியானது. 1,961 பேர், 68 வாரங்கள். ஒரு குழுவுக்கு மருந்து, இன்னொரு குழுவுக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. யாருக்கு எது என்பது அவர்களுக்கே தெரியாது. இரண்டு குழுவுக்கும் உணவைக் குறைக்கவும் உடற்பயிற்சி செய்யவும் ஒரே ஆலோசனை, ஒரே கண்காணிப்பு. முடிவு: மருந்து பெற்றவர்கள் சராசரியாக 14.9 விழுக்காடு எடை குறைந்தார்கள். மற்றவர்கள் 2.4 விழுக்காடு.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாம் குழுவில் இருந்தவர்கள் எல்லோரும் சோம்பேறிகளா? முதல் குழுவுக்கு மட்டும் மன உறுதி பிறந்து வந்ததா? அறிவுரை இரண்டு பக்கமும் ஒன்றுதான். அந்த அறிவுரையைப் பின்பற்ற இடம் கொடுக்கும் உடல் ஒரு பக்கத்துக்கு மட்டும் கிடைத்தது. அதே ஆய்வின் தொடர்ச்சியில், மருந்தை நிறுத்தியவர்கள் ஓராண்டுக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள். ஒழுக்கம் ஊசியோடு வந்து ஊசியோடு போகுமா? போகாது. வந்ததும் போனதும் சுரப்பின் விளைவு.

என் அனுபவமும் இதுதான். ஊசிக்கு முந்தைய மூன்றாண்டுகளில் நான் கலோரி எண்ணியிருக்கிறேன், இரவு உணவை விட்டிருக்கிறேன், உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பணம் கட்டி ஒழுங்காகப் போயிருக்கிறேன். ஐந்து கிலோ குறையும், ஏழு கிலோ ஏறும். மூன்று மாத சராசரி சர்க்கரை அளவு 6.3ஐத் தொட்டது. நோயின் வாசலில் நிற்கிறீர்கள் என்றார் மருத்துவர். மருந்து தொடங்கிய இரண்டாவது வாரம், தலைக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு பேச்சு நின்றது. மதியம் என்ன சாப்பிடுவது, இப்போது சாப்பிடலாமா, சாப்பிட்டது அதிகமோ, யாராவது பார்த்தார்களோ என்று காலை முதல் இரவு வரை ஓடிய பேச்சு. அது இல்லாத மண்டையோடுதான் பலர் பிறந்ததிலிருந்து வாழ்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவர்கள்தாம் எனக்கு இத்தனை காலம் மன உறுதியைப் பற்றிப் பாடம் எடுத்தவர்கள்.

ஊசி சுலபம் என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். முதல் இரண்டு மாதம் குமட்டலும் மலச்சிக்கலும் படுத்தின. இவை இந்த மருந்துகளில் பரவலாக வருபவை. பித்தப்பைக் கல், அரிதாகக் கணைய அழற்சி போன்ற ஆபத்துகளும் உண்டு. குறிப்பிட்ட வகை தைராய்டு புற்றுநோய் குடும்பத்தில் இருந்தவர்களுக்கு இது கூடாது. கர்ப்பிணிகளுக்குக் கூடாது. கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனெனில் டிர்செபடைட் அதன் பலனைக் குறைக்கலாம். மருந்தைக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். வெளியில் என்றால் 30 டிகிரிக்குள் 21 நாள்தான் தாங்கும். சென்னை மே மாதத்தில் 30 டிகிரிக்கு எங்கே போவது? என் விடுதி அறையில் குளிர்ப்பெட்டி இல்லை. திருவல்லிக்கேணியில் ஒரு தோழி வீட்டில், இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில்தான் என் குப்பிகள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை தோறும் பேருந்து பிடித்துப் போய் ஊசி போட்டுக்கொண்டு வருவேன்.

அம்மாவின் உடல்

எடை கூடியவரைப் பார்த்ததும் சொல்லப்படும் முதல் அறிவுரை: "உடம்பை அசைக்கணும்." என் அம்மாவுக்கு 57 வயது. பதினோரு வயதில் நடவுக்கு இறங்கியவர். களை, அறுப்பு, செங்கல் சூளை, இப்போது நூறு நாள் வேலை. வாழ்நாளில் அவர் உட்கார்ந்திருந்த நேரத்தைவிட நான் என் ஆய்வேட்டுக்காக உட்கார்ந்திருந்த நேரம் அதிகம். அந்த அம்மாவின் எடை 78 கிலோ, உயரம் ஐந்தடிக்கும் குறைவு. எட்டு வருடமாகச் சர்க்கரை நோய். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. உடலை அசைக்காததால் வந்தது என்று இவரிடம் சொல்ல யாருக்கு வாய் வரும்? ஆனால் சொல்கிறார்கள். மருத்துவமனை வரிசையில் நிற்கும்போது ஒவ்வொரு முறையும் சொல்கிறார்கள்.

"எடை கூடுவது பணக்கார வியாதி, நம் மக்களின் பிரச்சினை பசி" என்று நம் இயக்கங்களிலேயே பேசப்படுவதுண்டு. பசி தீர்ந்துவிடவில்லை என்பது உண்மை. ஆனால் ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு (2019-21) தமிழ்நாட்டைப் பற்றிச் சொல்வது என்ன? 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல் பருமன் உடையவர்கள். முந்தைய ஆய்வில் இது 30.9. அதே ஆய்வில், அதே வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இரண்டு எண்களையும் கூட்டினால் 90ஐத் தாண்டுகிறது. மாநிலத்தின் பாதிப் பெண்களுக்கு இரத்தம் போதவில்லை, ஐந்தில் இருவருக்கு எடை கூடுதல் என்றால், ஒரே உடலில் இரண்டும் குடியிருப்பது விதிவிலக்கல்ல. என் அம்மாவின் உடல் அப்படிப்பட்டதுதான். அது பசிக்கு எதிரான உடல் அல்ல. பசி வேறு வடிவத்தில் தங்கிவிட்ட உடல்.

புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் அவர் குழுவும் 1990களில் கிராமத்துத் தாய்மாரிடம் தொடங்கிய ஆய்வு இதைப் புரிந்துகொள்ள உதவுகிறது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் பிறந்த குழந்தைகளுக்கு 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசை வெகுவாகக் குறைவு. ஆனால் தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. அரைவயிற்றுத் தாயின் கருவிலேயே உடல் கொழுப்பைக் காப்பாற்றிக்கொள்ளப் பழகிவிடுகிறது. அப்படிப் பிறந்தவருக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது இந்த ஆய்வாளர்களின் வாதம். தலைமுறை தலைமுறையாக யாருடைய கருப்பைகள் அரைவயிற்றோடு வேலை செய்தன என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணல் அம்பேத்கரும் சர்க்கரை நோயாளிதான். கால் நரம்பு வலியோடும் தூக்கமற்ற இரவுகளோடும்தான் அவர் தன் கடைசி ஆண்டுகளில் எழுதினார். 65 வயதில் இறந்தார். அவருடைய நோயை ஒழுக்கக் குறைவு என்று சொல்ல யாரும் துணிவதில்லை. அவர் பெயரைச் சொல்லி வாழும் கூலிப் பெண்ணின் நோயை மட்டும் எப்படிச் சொல்லத் துணிகிறோம்?

தட்டில் இருக்கும் சாதி

இந்த ஊசியால் குறையும் எடை முழுவதும் கொழுப்பு அல்ல. டிர்செபடைட் ஆய்வில் குறைந்த எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தசை முதலான கொழுப்பல்லாத திசு. அதைக் காப்பாற்ற இரண்டு வழி: போதிய புரதம், பளு தூக்கும் பயிற்சி. புரதத்துக்காக ஓர் உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். அவர் கொடுத்த பட்டியலில் பன்னீர், பாதாம், ஓட்ஸ், முளைகட்டிய பயறு, தோல் நீக்கிய கோழி எல்லாம் இருந்தன. "மேடம், நான் மாட்டுக்கறி சாப்பிடுவேன். கொழுப்பில்லாத துண்டா வாங்கினா கணக்குக்கு வருமா?" என்று கேட்டேன். பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதெல்லாம் ஹெவி. விட்டுடுங்களேன், சாத்விகமா இருந்தாதான் உடம்பு கேட்கும்" என்றார்.

ஊட்டச்சத்து அறிவியலில் சாத்விகம் என்றொரு அலகு கிடையாது. கிராம் கணக்கில் மாட்டிறைச்சியும் பன்னீரும் புரதத்தில் ஏறத்தாழ சமம். கொழுப்பில்லாத துண்டில் பன்னீரைவிடக் கொழுப்பு குறைவு. இரத்தசோகைக்கு வேண்டிய, உடல் எளிதில் ஏற்கும் இரும்புச்சத்து பன்னீரில் இல்லை, மாட்டிறைச்சியில் இருக்கிறது. விலையோ ஆட்டிறைச்சியில் பாதிக்கும் கீழே. என் வருமானத்துக்கும் என் நோய்க்கும் மிகப் பொருத்தமான உணவு எதுவோ, அது பட்டியலுக்கு வெளியே நின்றது. ஊருக்கு வெளியே நிற்பதைப் போலவே. ஒன்பது மாதமாக நான் முட்டையும், மீனும், சுண்டலும், வாரம் இருமுறை மாட்டுக்கறியும்தான் சாப்பிடுகிறேன். தசை நிற்கிறது, இரத்த அணுக்கள் அளவும் ஏறியிருக்கிறது. உடம்பு நன்றாகவே கேட்கிறது.

ஆனால் இதுவும் உதவித்தொகை வாங்கும் எனக்குச் சாத்தியம். ஊரில் எங்கள் குடும்ப அட்டைக்கு அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம் பருப்பு மாதம் ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய். அந்த அரிசி எங்களைப் பட்டினியிலிருந்து காப்பாற்றியது. அதைக் குறைசொல்பவர்கள் பசியை அறியாதவர்கள். நான் சொல்வது வேறு: வயிறு நிறைய அரிசியும், குடும்பத்துக்கு மாதம் ஒரு கிலோ பருப்பும் என்பது உயிர் பிழைப்பதற்கான அளவு. சர்க்கரை நோயைத் தடுப்பதற்கான அளவு அல்ல. நான் படித்த அரசு மாணவியர் விடுதியிலும் இதே கதைதான். அரசு விடுதிகளில் ஒரு கல்லூரி மாணவியின் உணவுக்கு 2023இல் உயர்த்தப்பட்ட பிறகான தொகை மாதம் 1,500 ரூபாய். நாளுக்கு 50 ரூபாய், மூன்று வேளைக்கும் சேர்த்து. பள்ளி மாணவிக்கு 1,400. இந்தக் காசில் தட்டில் சோறுதான் குவியும், புரதம் குவியாது. அங்கே வளர்ந்த பெண் முப்பது வயதில் சர்க்கரை நோயின் வாசலில் வந்து நின்றால், "வாயைக் கட்டு" என்கிறார்கள்.

நடக்க ஓர் இடம்

உடற்பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மருந்து பசியை அடக்கியது. ஆனால் படிக்கட்டில் மூச்சு வாங்காமல் ஏற வைத்தது பயிற்சிதான். வாரம் மூன்று நாள் பளு, இரண்டு நாள் வேக நடை. பத்து கிலோ டம்பெல்லை முதலில் இரு கையாலும் தூக்க முடியவில்லை, இன்றைக்கு ஒரு கையால் தூக்குகிறேன். அதில் இருக்கும் மகிழ்ச்சி தராசில் தெரியாது.

ஆனால் உழைப்பும் உடற்பயிற்சியும் ஒன்றல்ல. அம்மாவின் வேலை ஒரே முழங்காலை, ஒரே இடுப்பை நாற்பது வருடம் தேய்த்தது. வெயில், ஓய்வின்மை, மேஸ்திரியின் ஏச்சு, கூலி கைக்கு வருமா என்ற கவலை எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. உடற்பயிற்சி என்பது உடல் தனக்காகச் செய்துகொள்வது. அதற்கு நேரம் வேண்டும், இடம் வேண்டும், யாரும் கேள்வி கேட்காத சுதந்திரம் வேண்டும். சென்னைக் கடற்கரையில் நான் நடந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது காலையில் ஷூ போட்டுக்கொண்டு தார்ச்சாலையில் நடந்தேன். ஊர்த்தெருவைத் தொடும் திருப்பத்தில் வண்டியை நிறுத்தி ஒருவர் கேட்டார்: "எங்க போற?" "எங்கயும் இல்ல, நடக்கிறேன்." "எங்கயும் போகாம எதுக்கு இந்தப் பக்கம் நடக்கிற?" எங்கள் காலனியிலிருந்து புறப்படும் பெண் அந்தத் தெருப்பக்கம் வந்தால் வேலைக்கு வர வேண்டும், இல்லையென்றால் வரக் கூடாது. காரணமில்லாமல் நடப்பது அங்கே ஒரு உரிமை. அது இன்னும் எங்களுக்கு வந்து சேரவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா ஷூவைத்தான் பார்த்தார். "சும்மா நடக்கறதுக்கு மூவாயிரத்துல செருப்பா பாப்பா?"

விலை

இப்போது காசுக் கணக்கு. டிர்செபடைட் 2025 மார்ச்சில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் குப்பி 4,375 ரூபாய். வாரம் ஒரு குப்பி. அதாவது நான்கு வாரத்துக்கு முதலில் 14,000, பிறகு 17,500. என் ஆய்வு உதவித்தொகை மாதம் 42,000. அதுவும் மாதா மாதம் வருவதில்லை. எட்டு மாத நிலுவை ஒருநாள் மொத்தமாக வந்தது. அந்தப் பணத்தில்தான் சிகிச்சையைத் தொடங்கினேன். இதுவரை ஒன்றரை லட்சத்துக்கு மேல் செலவாகியிருக்கிறது. ஆக, என் மன உறுதியின் மாத விலை 17,500 ரூபாய். ஒரே ஒரு குப்பியின் விலை, அரசு விடுதியில் ஒரு கல்லூரி மாணவியின் ஏறத்தாழ மூன்று மாத உணவுச் செலவு.

அம்மாவிடம் இந்த மருந்தைப் பற்றிச் சொன்னேன். என்னைவிட அவருக்குத்தான் இது தேவை. அவருக்குச் சர்க்கரை நோய் முற்றியிருக்கிறது. "எவ்ளோ?" என்றார். சொன்னேன். "அந்தக் காசுல வீட்டுக்குத் தளம் போட்டுடலாமே" என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது. அவருக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மெட்பார்மின் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2021இல் தொடங்கிய அந்தத் திட்டம் அவரைப் போன்றவர்களின் உயிரை நீட்டித்திருக்கிறது. ஆனால் அந்தப் பையில் மாத்திரை இருக்கிறது, ஊசி இல்லை. மகளுக்குப் புது மருந்து, அம்மாவுக்கு அறிவுரை. ஒரே வீட்டுக்குள் இந்தப் பிளவு. பார்க்கப்போனால் நாடு முழுக்க இதுதான் நடக்கிறது: காசு இருப்பவருக்கு மருந்து, இல்லாதவருக்கு ஒழுக்க போதனை.

இப்படித்தான் இருக்க வேண்டுமா? இன்சுலினின் கதையைப் பாருங்கள். 1922இல் கனடாவின் டொரண்டோவில் அது முதன்முதலாக ஒரு சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது. மறு ஆண்டு, கண்டுபிடித்தவர்கள் அதன் காப்புரிமையைத் தலா ஒரு டாலருக்கு டொரண்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். அதுவும் பெப்டைடுதான். பின்னாளில் நிறுவனங்கள் இன்சுலினையும் விலை ஏற்றி விற்றன என்பது வேறு கதை. ஆனால் உயிர் காக்கும் பெப்டைடைப் பொதுச்சொத்தாக நினைத்த காலம் ஒன்று இருந்தது.

தோழர்களின் ஐயங்கள்

"இது பன்னாட்டு நிறுவனங்களின் கொள்ளை. இதை நாம் ஏன் ஆதரிக்க வேண்டும்?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. விலையில் கொள்ளை இருக்கிறது, மருந்தில் இல்லை. எய்ட்ஸ் மருந்துக்கும் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் கேட்டார்கள். 2001இல் இந்தியாவின் சிப்லா அதே கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. அன்றைக்கு "இது கம்பெனி மருந்து, வேண்டாம்" என்று நாம் சொல்லியிருந்தால் செத்திருப்பவர்கள் ஏழைகள். விலையை உடைப்பதுதான் அரசியல், மருந்தை மறுப்பது அல்ல.

"உன் உடலை அப்படியே ஏற்றுக்கொள், எடை ஒரு பிரச்சினையே இல்லை" என்பவர்களும் உண்டு. அவர்களுடைய அக்கறையை மதிக்கிறேன். பருமனான உடலைக் கேலி செய்வதை எதிர்ப்பதில் நான் அவர்களோடு நிற்கிறேன். 96 கிலோவிலும் நான் மரியாதைக்கு உரியவள்தான், 83இல் அது கூடிவிடவில்லை. ஆனால் கால் புண்ணால் விரலை இழந்தவர்களும் சிறுநீரகம் பழுதாகி இரத்தச் சுத்திகரிப்புக்குப் பேருந்தில் போய் வருபவர்களும் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். எனக்கு இது அழகுப் பிரச்சினை அல்ல, ஆயுள் பிரச்சினை. மரியாதையும் வேண்டும், மருந்தும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்க வேண்டியதில்லை.

மூன்றாவதாக ஓர் எச்சரிக்கை. விலை எட்டாத இடத்தில் கள்ளச் சந்தை வரும். "ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்" என்று ஒட்டி, இணையத்தில் பெப்டைடு பொடிகளை விற்கிறார்கள். நீர் கலந்து நாமே போட்டுக்கொள்ள வேண்டுமாம். உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. உடற்பயிற்சிக் கூடங்களில் நம் தம்பிமார்களிடம் இது பேசப்படுகிறது. தயவுசெய்து தொடாதீர்கள். மருத்துவர் சீட்டும், இரத்தப் பரிசோதனையும், தொடர் கண்காணிப்பும் இல்லாமல் இந்த மருந்து வேண்டவே வேண்டாம்.

என்ன கேட்க வேண்டும்

இந்த நேரம் முக்கியமானது. உலக சுகாதார நிறுவனம் 2025 செப்டம்பரில் செமாக்ளூடைடு, டிர்செபடைட் உள்ளிட்ட இந்த வகை மருந்துகளை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. சர்க்கரை நோயோடு இதய நோயோ சிறுநீரக நோயோ இருந்து, உடல் பருமனும் சேர்ந்து உள்ளவர்களுக்காக. செமாக்ளூடைடின் இந்தியக் காப்புரிமைக்கு 2026 மார்ச் வரைதான் ஆயுள். பல இந்திய நிறுவனங்கள் தயாரிப்புக்கு ஆயத்தமாயின. விலை இறங்கும். எவ்வளவு இறங்கும், யாருக்கு எட்டும் என்பதைச் சந்தையிடம் விட்டால், அம்மாவின் பைக்கு அது வராது.

தமிழ்நாட்டுக்கு இதற்கான கருவி ஏற்கெனவே இருக்கிறது. 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்கி அரசு மருத்துவமனைகளுக்குக் கொடுப்பதில் மற்ற மாநிலங்களுக்கு வழிகாட்டியது. அந்தக் கழகம் பொதுப்பெயர் செமாக்ளூடைடை வாங்க வேண்டும். முதலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் சர்க்கரை நோய்ப் பிரிவுகளில், பருமனோடு இதய அல்லது சிறுநீரக பாதிப்பும் உள்ளவர்களுக்கு இலவசமாகத் தொடங்கலாம். பிறகு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு விரிக்கலாம். மருந்தை நிறுத்தினால் எடை திரும்பும் என்பதால் மூன்று மாத மாதிரித் திட்டங்கள் உதவாது, தொடர்ச்சி வேண்டும்.

மருந்து மட்டும் போதாது. நியாயவிலைக் கடையில் பருப்பின் அளவு கூட வேண்டும், முட்டை வர வேண்டும். விடுதி உணவுத்தொகை நாளுக்கு 50 ரூபாய் என்ற கணக்கிலிருந்து மேலே வர வேண்டும். அரசு மருத்துவமனைகளின் உணவுப் பட்டியலில் மாட்டிறைச்சி, கருவாடு, நத்தை, ஈசல் என மக்கள் உண்மையில் உண்பவற்றுக்கும் இடம் வேண்டும். ஒவ்வொரு காலனிக்கும் விளக்கு வசதியுள்ள ஒரு திடல் வேண்டும், அதில் பெண்களுக்கென்று நேரம் வேண்டும். ஊர்ச்சாலை எல்லோருக்கும் சாலையாக வேண்டும்.

இவற்றைச் சலுகையாகக் கேட்கவில்லை. தகுதி என்று எதைச் சொன்னார்களோ, அதற்குப் பின்னால் நிலமும் பள்ளியும் தலைமுறைச் சொத்தும் இருந்ததை இந்த இயக்கம் நூறாண்டுகளாக எடுத்துக்காட்டி வந்திருக்கிறது. ஒழுக்கமான உடல் என்று எதைச் சொல்கிறார்களோ, அதற்குப் பின்னாலும் புரதமும் தூக்கமும் திடலும் இப்போது 17,500 ரூபாய் குப்பிகளும் இருக்கின்றன. அடுத்த முறை மருத்துவமனை வரிசையில் ஒரு கூலிப் பெண்ணிடம் "வாயைக் கட்டும்மா" என்று யாராவது சொன்னால், பக்கத்தில் நிற்கும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அவருக்கான மருந்து எங்கே?